நாத்தனார் கொடுத்தது

முத்தம்மா எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பையை வெடுக்கென்று மூடினாள். கறுப்பும் சிவப்புமாக ஒரு மாத்திரை அட்டை உள்ளே போனது, சமையலறை வாசலில் நின்ற தினேஸ்வரியின் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னக்கா மருந்து?"

"ஒண்ணுமில்லலா. சத்து மாத்திரை. நாளைக்கு ஆஸ்பித்திரி போவணும், நீ போய் உக்காரு."

சத்து மாத்திரையை எவளாவது ஒளித்துத் தின்பாளா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

உடம்பே தன் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் தினேஸ்வரிக்கு. விரல்கள் கத்தரிக்கோல் பிடிக்காமல் போய், ஈப்போவில் நடத்திய சலூனைப் பூட்டி எட்டு மாதம். எந்த ஊசிக்கும் நோய் அடங்கவில்லை. கடைசியில்தான் இந்தச் சோதனைச் சிகிச்சை. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருக்கும் குடல் கிருமிகளை அவள் குடலுக்குள் செலுத்துவார்கள். அவை தங்கிப் பெருகினால் மூட்டு வலி குறையலாம். ஆனால் ஆளுக்கு ஒரே தடவைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புருஷன் கோகிலனுக்குச் சர்க்கரை, அவன் கொடுக்க முடியாது. "நான் தாரேன்" என்று சித்தியவானிலிருந்து தானாக வந்து நின்றவள் அவன் அக்கா முத்தம்மா. 'இந்தக் கல்யாணம் வெளங்காது' என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷமாக வாசல் மிதிக்காத அதே முத்தம்மா!

மூன்று வாரத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஏதும் சீக்கு வந்து மறைக்கிறாளா? அதையும் சேர்த்து என் உடம்பில் இறக்கப் பார்க்கிறாளா, பாவி?

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முத்தம்மாவிடம் கேட்டாள். "காய்ச்சல், சீக்கு, மருந்து ஏதும் உண்டாக்கா?"

"ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி."

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். சொன்னால் இன்றே சிகிச்சைப் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிடுவார்கள். பூட்டிய சலூனை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

கிருமிகளைச் செலுத்தி எல்லாம் முடிந்தது. வார்டில் முத்தம்மா தனியாக வந்து உட்கார்ந்ததும் தினேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்கக்கா. என்ன சீக்கு உங்களுக்கு? நான் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணேன்?"

முத்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயையோ, சீக்கெல்லாம் இல்லலா! ஒன்னைய வெளங்க மாட்டேன்னு சொன்ன வாய் இது. நீ மறுபடி கடையத் தொறந்தாத்தான் என் பாவம் தீரும். டாக்டர் வேற பாக்டீரியா பாக்டீரியான்னு சொன்னாரா, எனக்குப் பயமாப் போச்சு. என் அசிங்கம் ஒனக்கு ஒட்டக்கூடாதுல்ல? கிளினிக்குல பல்வலின்னு பொய் சொல்லி, ஆன்டிபயாடிக் வாங்கி பத்து நாளா முழுங்குறேன்."

தினேஸ்வரியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னாள்:

"ஒரு கிருமிகூட மிச்சமில்லாமக் கொன்னுட்டுத்தான் கொடுத்தேன், தினேசு."