கொம்பன் விட்ட வழி

"நேத்து ஓட்டப் பந்தயத்துல இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினேன். பதினஞ்சாவது கிலோமீட்டர்ல கொம்பன் ஆனை ஒண்ணு ரோட்டை அடைச்சு நின்னுச்சு. என்னயப் பாத்ததும் தேயிலைக்குள்ள ஒதுங்கி வழி விட்டுருச்சு" என்றார் சுவக்கீன்.

மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்தில் ஜிஜியின் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பன்கூட நம்பவில்லை.

"தும்பிக்கையத் தூக்கி சல்யூட் அடிக்கலியா?" என்று கேட்டார் செல்லத்துரை. கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவக்கீனுக்கு நாற்பது வருஷச் சேக்காளி. அதில் முப்பத்தொன்பது வருஷம் சேக்காளி சொன்னதை நம்பாமலே கழித்தவர்.

ஜிஜி பெஞ்சைத் துடைத்து, "இருங்கண்ணே" என்றாள்.

"வேண்டாம் தாயி. பாத்ரூம்ல வழுக்கி முட்டி வீங்கிக் கெடக்கு, மடக்க வரல." சுவரில் சாய்ந்து நின்றபடியே டீயை ஊதினார் செல்லத்துரை.

சுவக்கீனுக்கு இது விளையாட்டில்லை. சட்டைப் பையில் அடுத்த ஓட்டத்தின் படிவம் இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பதிய இன்றே கடைசி நாள். அறுபது தாண்டியவர்களுக்கு வீட்டார் கையெழுத்து வேண்டும். அந்த வீட்டார், மனைவி இன்பமேரி, கையில் பேனாவோடு கடை வாசலிலேயே நின்றாள்.

"இவுக ஓடி முடிச்சதுக்கு ஒரு சாட்சி சொல்லுங்க, இப்பவே போடுதேன். நேத்து ஞாயித்துக்கிழமைப் பூசைய விட்டுட்டுப் போன மனுசன், எங்கிட்டுப் போனாகன்னு எனக்குத் தெரியணும். சாட்சி இல்லன்னா அந்த ஷூவு ரெண்டும் கோழிக்கூட்டுக்கு."

ஒன்றரை வருஷ உழைப்பு கோழிக்கூட்டுக்குப் போவதா? தேயிலை ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற கையோடு ஓட ஆரம்பித்தபோது சுவக்கீன் தொண்ணூற்றாறு கிலோ. அவர் ஓடினால் லயத்து வீடுகளின் தகரக் கூரையெல்லாம் மழை வந்தது போலச் சத்தம் போடும். முதல் நாள் சர்ச் கேட்டிலிருந்து முதல் கரண்ட் கம்பம் வரை ஓடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாய்கள் வந்து அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போயின.

வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டினார். கம்பங்கள் எல்லாம் செல்லத்துரை நட்டவை. அவர் தினமும் வாசலில் உட்கார்ந்து கணக்கு வைப்பார்.

"ஒண்ணுக்கொண்ணு நாப்பது மீட்டர்தாம்ல. அதுக்கா இந்த மூச்சு? தொப்பை வந்து சேந்துருச்சு, நீ எப்ப வருவே?"

தொப்பையும் சுவக்கீனும் மெல்ல மெல்லச் சேர்ந்தே வந்தார்கள். கம்பம் எண்ணுவதை விட்டு வளைவு எண்ணினார். வளைவு போய்க் கிலோமீட்டர் ஆனது. அடிமாலியில் ஐந்து, மூணாறில் பத்து. பத்து ஓடிய மறுவாரத்திலிருந்து செல்லத்துரையைக் காலையில் வாசலில் காணோம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார்.

"சரி, ஆனைக்கு முன்னாடி நீ ஏன் நிக்கல?" என்று வடை தின்றவர்களில் ஒருவர் கேட்டார்.

"நின்னா மறுபடி காலு கெளம்பாதே. 'மாதாவே'ன்னு கண்ணை மூடிக்கிட்டு ஓடினேன். தொறந்தா, அது ஒதுங்கி நிக்கி. போறவன் போகட்டும்னு காதை வேற ஆட்டுது."

"அளக்காதலே" என்றார் செல்லத்துரை. "எட்டரைக்கு மேல ஆனை நின்ன அந்த வளைவத் தாண்டி ஒருத்தனையும் விடல. பின்னால வந்த பதிமூணு பேரையும் ஒரே ஜீப்புல அடைச்சுத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஊருக்கே தெரியும்."

ஊர் தலையாட்டியது. சுவக்கீனுக்கு வந்த வினையே அதுதான். யானை மறித்த செய்தி கேட்டு, இனி யாரும் வரமாட்டார்கள் என்று ஓட்டம் முடியும் இடத்தில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். மெடல் சாக்கு வண்டியேறிப் போய்விட்டது. சுவக்கீன் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரே ஒருவன், "எல்லாம் கழிஞ்சு போச்சே சேட்டா" என்று மிஞ்சிய வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தான்.

சுவக்கீன் அந்தப் பழத்தோலை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இன்பமேரி அதைப் பார்த்தாள். "இது சாட்சியா?"

கடையே சிரித்தது. ஜிஜி சிரிப்பில் பாலைப் பொங்கவிட்டாள். சுவக்கீன் மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தை நான்காக மடித்தார். குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முதல் முடிச்சு லேசில் அவிழவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

செல்லத்துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"தங்கச்சி" என்றார் கடைசியில். "கையெழுத்தப் போடு. ஆனை வழி விட்டது நெசந்தான்."

சிரிப்பு நின்றது. சுவக்கீன் குனிந்தபடியே தலையைத் தூக்கினார்.

"நீங்க எங்கண்ணே பாத்தீக?" என்றாள் இன்பமேரி.

செல்லத்துரை வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டார்.

"இவனுக்குப் பின்னாடி ஓடி வந்த எனக்குத்தான் விடல."