அணைக்காத வண்டி

லோடு இறக்கிவிட்டு வந்த பிக்கப் வண்டி முதலாளி வீட்டு ஜன்னலோரம் நின்றது. இன்றும் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான் டிரைவர். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டிதான் நின்னுடுச்சே, யாருக்குடா இன்னும் உறுமுது?"

"டர்போ சூடா இருக்குண்ணே. கொஞ்ச நேரம் ஓடி ஆறணும்."

"யாருக்குக் காது குத்தற? ஒரு நிமிஷம் ஓடினாலே தாராளம்னு மெக்கானிக் சொல்லிட்டான். நீ தினமும் அரை மணி நேரம் என் டீசலைப் புகையா விடற. இறங்கு! நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

டிரைவர் ஜன்னலைப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நேரம்ணே..."

முதலாளி கையை நுழைத்துச் சாவியைத் திருகினார். எஞ்சின் அடங்கியது.

உள்ளே தட்டு உருளும் சத்தம். அவர் மனைவி கரண்டியும் கையுமாக ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"யாருங்க வண்டியை அணைச்சது? மாமா வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு!"

"அப்பாவுக்கும் இதுக்கும் என்னடி?"

"நினைவு தடுமாற ஆரம்பிச்சதிலிருந்து, முன்ன ஓட்டின லாரியிலயே இன்னும் போறதா நினைச்சுக்கிட்டிருக்காரு. எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் சாப்பிடறாரு. நின்னுட்டா, வண்டி ரிப்பேர்னு கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கறாரு. நான்தான் இந்தத் தம்பியைக் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அப்பா சாப்பிட்டாரான்னு நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா, சொல்லியிருப்பேங்க."

முதலாளி டிரைவரின் முகத்தைப் பார்க்காமலே சாவியை மறுபடி திருகினார்.