பன்னிரண்டு வோல்ட்

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

உர்சுலா வீட்டு ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. என் ரோஜாத் தொட்டி அவள் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அன்று கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினேன்.

சுவிட்சைப் போட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம் வர வேண்டுமாம். வரவில்லை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. டிஸ்க் பெட்டி மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்காமல் கரகரத்தது.

சோபாவில் அவள் புருஷன் லாசரஸ், கோவிலுக்குக் கட்டிய டையைக்கூடக் கழற்றவில்லை. தரையில் ஸ்க்ரூடிரைவரோடு காதர் மைதீன். சிராங்கூன் ரோட்டில் போன வருஷம் வரை ரேடியோ விற்றவர். எண்பத்து நான்கு பிறந்ததும் பலகையை மாற்றிக் கம்ப்யூட்டர் கடை என்று எழுதிவிட்டார். பலகை மாறியது, மனிதர் மாறவில்லை.

உர்சுலா சிப் தொழிற்சாலை வேலையை விட்டு இரண்டு வாரம். கம்பெனிகளுக்குக் கடிதமும் பட்டியலும் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுத்துப் பிழைக்கப் போகிறாளாம். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் பிளாக் முழுக்க அதுதான் பேச்சு. நானும் என் பங்குக்குப் பேசினேன்.

மெஷின் ஓடவில்லை என்றால் திங்கட்கிழமை அவள் தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டும். இது லாசரஸின் தீர்ப்பு.

"போய்க் கேளேன் உர்சு. ராஜினாமா லெட்டரத் திருப்பிக் குடுங்கன்னா குடுத்துட்டுப் போறாங்க."

"போக மாட்டேன்."

"அப்ப இந்த டப்பாவ என்ன செய்யறது? மேல பூ ஜாடி வைக்கவா?"

நல்ல கேள்விதான்.

காதர் மைதீன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "தங்கச்சி, இதுதான் கடைசி செட். எட்டு மெமரி சிப்பு. இதுவும் போச்சுன்னா, அடுத்த மாசம் தைவான்லேர்ந்து கப்பல் வரணும்."

மெஷினோடு வந்த பழைய வகைச் சிப்பில் ஒன்று கெட்டதால் எட்டையும் பிடுங்கிவிட்டுப் புது வகையைப் போட்டவர் அவர்தான். அந்த எட்டும் போயிற்று. இன்னொரு எட்டு போட்டார். அதுவும் இப்போதுதான் போயிற்று.

உர்சுலா மண்டியிட்டு ஒரு சிப்பைத் தொட்டாள். தோசைக்கல்லைத் தொட்டவள்போல விரலை இழுத்துக்கொண்டாள்.

"மீட்டர் வச்சிருக்கீங்களா பாய்?"

வைத்திருந்தார். ரேடியோ காலத்திலிருந்து பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சூடான சிப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவை உட்கார்ந்த துளையில் கம்பியை வைத்தாள். முள் பன்னிரண்டில் போய் நின்றது.

"பழைய சிப்புதான் பன்னெண்டு வோல்ட் குடிக்கும். புதுசு கேக்குறது அஞ்சு. பழசுக்கு வச்ச செட்டிங்க மாத்தாம புதுச மாட்டி, ரெண்டு செட்ட வறுத்து எடுத்திருக்கீங்க."

"தங்கச்சி, நீ கைய வச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல லா!"

"இதுவரைக்கும் யாரு பொறுப்பு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. செடிக்குள் முகத்தை விட்டுச் சிரித்தேன்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். லாசரஸ் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். அதை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஆண்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

போர்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு மூன்று கறுப்புத் தொப்பிகள். எத்தனை வோல்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பவை அவைதான். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினாள். மறுபடி மீட்டர். முள் ஐந்தில் நின்றது. சுவிட்சை அணைத்தாள்.

கடைசிப் பெட்டியைக் காதர் மைதீனின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

"இதுவும் எரிஞ்சா?" என்றார் லாசரஸ்.

"எரிஞ்சா எரியட்டும். எரிச்சது நானா இருக்கட்டும்."

எட்டையும் அழுத்தி உட்கார வைத்து, சுவிட்சைத் தட்டினாள்.

பீப்.

குப்பை மறைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, கரகரத்தது, தானே அணைந்தது. கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் மட்டும் கண் சிமிட்டியது. காதர் மைதீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். லாசரஸ் இப்போதுதான் டையை அவிழ்த்தார்.

உர்சுலா அவர்களைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மதலேனாக்கா, அங்கேர்ந்து சரியாத் தெரியாது. உள்ள வந்து நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்றப்ப எதையும் விட்டுறாதீங்க."

"எந்த சூப்பர்வைசர்?" என்றார் லாசரஸ்.

அவள் ராஜினாமா லெட்டர் எதுவும் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதிக்கும் மெஷினில் வோல்டேஜ் ஏறிக் கிடந்ததைப் பார்த்து, யாரையும் கேட்காமல் தானே குறைத்து வைத்தாள். ஆபரேட்டர்கள் கை வைக்கக் கூடாத இடம் அது. பக்கத்து நாற்காலிக்காரி சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னாள். சாயங்காலமே உர்சுலாவின் வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலி என்னுடையது.

அவள் வைத்தது சரியான வோல்டேஜ்தான். அதை மட்டும் நான் சொல்லவில்லை.