கை மொத்தக் கேபிள்

வயலை மனை போட்டும் ஐஸ் விற்றும் சேர்த்ததையெல்லாம் கொட்டி, முடிச்சூர் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார் ஜெயவேலு. முதல் முகூர்த்தமே இன்ஸ்பெக்டர் துளசிங்கத்தின் மகளுக்கு. அன்றைக்கு விளக்கு அணைந்தால் மண்டபத்தின் பேரும் சேர்ந்து அணைந்துவிடும்.

பின்பக்கம் பெரிய டிரான்ஸ்பார்மர் வந்து உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து மண்டபத்துக்கு இறங்கும் கேபிள்தான் பாக்கி. கணக்குப் போட்டுப் பார்த்த இன்ஜினீயர் சாம்பசிவன், கை மொத்தத்துக்குக் காப்பர் கேபிள் வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் ஜெயவேலுவுக்கு வியர்த்தது.

“மேல வர்ற கரண்டு ஒல்லிக் கம்பியிலதானே சார் வருது? அதே கரண்டு கீழ எறங்க இம்மாந் தடி இன்னாத்துக்கு?”

“உள்ள வரும்போது வோல்டேஜ் ஜாஸ்தி, ஆம்பியர் கொஞ்சம். வெளிய வரும்போது தலைகீழ். முந்நூத்தைம்பது ஆம்பியர் ஓடும். ஒல்லியாப் போட்டா தாலி கட்டற நேரத்துல கேபிள் புகையும். ஹோமப் புகைன்னு நெனச்சு எல்லாரும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. படப்பையில போட்டேனே, அதே சைஸ். ஒரு நூல் குறையக் கூடாது.”

அவர் ஸ்கூட்டர் கிளம்பியதும் பள்ளிக்கரணை சிட்டிபாபுவுக்கு ஆள் போயிற்று. சிட்டிபாபு கடை வைக்காத வியாபாரி. கேட்ட பொருள் கேட்ட மாதிரி வரும். பில் மட்டும் வராது.

“நம்பர்லாம் சொன்னா நமக்குப் புரியாதுண்ணா. கண்ணால பாத்தாத்தான்.”

“படப்பைல ஐஸ் பேக்டரி டிரான்ஸ்பார்மர்ல ஒண்ணு தொங்கினு கீது. போய்ப் பாரு. அச்சா அதே மாதிரி வேணும். எங்க புடிச்சேன்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத.”

இரண்டாம் நாளே கேபிள் வந்து இறங்கியது. நீளம்கூடச் சரியாக இருந்தது. நுனிகள் போல்ட்டில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. எங்கேயோ பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல் அதைத் தடவிப் பார்த்த சாம்பசிவன், எங்கே வாங்கினது என்று விசாரித்தார். பாரிமுனை என்று சொல்லிவைத்தார் ஜெயவேலு.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஏ.சி., கிரைண்டர், சீரியல் செட் எல்லாம் ஒன்றாக ஓடின. கேபிள் சுடக்கூட இல்லை. உறவுக்காரர்கள் வந்தாயிற்று. ஜெயவேலுவின் மச்சான் அரிகிருஷ்ணனை மட்டும் காணோம்.

பட்டு வேட்டியில் வந்த துளசிங்கம், சம்பந்தி வீட்டாரைக்கூடக் கவனிக்காமல் நேரே பின்பக்கம் போய் டிரான்ஸ்பார்மர் எதிரில் நின்றார்.

“இதுக்கு பில் இருக்குதா?”

தேடி எடுக்க வேண்டும் என்றார் ஜெயவேலு.

“இதே சைஸ் கேபிளை எவனோ அறுத்துட்டுப் போய்ட்டான்னு மத்தியானம் ஒரு கம்ப்ளெயிண்ட். இது திருட்டு மால்னா, என் பொண்ணு கல்யாணம்னுகூடப் பாக்க மாட்டேன். கழட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துனு போய்டுவேன்.”

ஜெயவேலு அம்மன்மேல் சத்தியம் செய்தார். கேபிள் என்ன, கடுகுகூடத் திருட்டுப் பொருளாகத் தம் வாசற்படி ஏறாது என்றார். சத்தியம் செய்த தைரியத்தில் குரலையும் ஏற்றினார்.

“இம்மாந் தடிக் கேபிளை அறுத்துனு போறவரைக்கும் தெரியாம கெடந்தவன் இன்னா மனுசன் சார்? மொதல்ல அவனைப் புடிச்சு உள்ள போடுங்க. சொத்தைப் பாத்துக்கத் துப்பில்லாதவன் பேச்சைக் கேட்டுக்கினு, நல்லவங்க மேல சந்தேகப்படுறீங்களே.”

துளசிங்கம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“மார்கழி பூரா மூடிக் கெடந்த படப்பை ஐஸ் பேக்டரியை உங்க மச்சான் இன்னிக்குத்தான் தொறந்தாராம், கேபிளைப் பறிகுடுத்த சொந்தக்காரர்னு உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்காரு.”