மதன் தாய்லாந்தில் இல்லை

உலக மக்களின் கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. திருச்செங்கோடு மதன், வயது இருபத்துமூன்று, தம் வம்சத்திலேயே முதன்முறையாக, வேன் பிடிக்காமல், கட்டுச்சோறு கட்டாமல், துணைக்கு ஒரு சித்தப்பாகூட இல்லாமல், தன்னந்தனியாக அயல்நாட்டு மண்ணில் கால்பதித்துவிட்டார்.

அறிவித்தவரும் அவரேதான். தாய்லாந்தின் ஃபுக்கெட் கடற்கரையில், சுடுகிற மணலில் உட்கார்ந்து, 'நம்ம குடும்பம்' வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டிருந்தான். பதித்த கால்களில் ஒன்றில் செருப்பு இல்லை. அதை அலை கொண்டுபோயிருந்தது.

படத்தை எடுத்துக் கொடுத்தது யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள். கைகளை விரித்துக்கொண்டு மதன்; அவனுக்குப் பின்னால் கடல், ஒரு தென்னை, முதுகைக் காட்டியபடி இளநீர் குடிக்கும் பூப்போட்ட சட்டைக்காரர். அந்த ஆளை வெட்டிவிடத்தான் பார்த்தான். வெட்டினால் தென்னையும் போய்விடும் என்பதால் விட்டுவைத்தான்.

முதல் பதில் மருதாசலம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. ரிக் வண்டி வைத்திருப்பவர். போர்வெல் போட ராய்ப்பூர்ப் பக்கம் போயிருக்கிறார். யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்பதிலிருந்து, விசேஷத்துக்கு எந்தக் கடையில் தேங்காய் வாங்குவது என்பது வரைக்கும் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. டவர் கிடைக்காத காட்டுக்குள் இருந்தும் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. குரல் பதிவு, பின்னால் ஒரே இரைச்சல்.

"இது கம்ப்யூட்டர்ல பண்ணுன படம். பின்னால நிக்கறானே ஒருத்தன், அவனுக்கு நெழலே இல்ல பாருங்க. மொதல்ல அத அழி சாமி."

குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. குற்றம் மதன்மேலும்தான். பொங்கலுக்கு அவன் ஃபோனிலேயே செய்து போட்ட லண்டன் படத்தை நம்பி, சின்னாயி அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுநாள் அதே லண்டன்காரன் ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு வாங்கிக்கொண்டிருந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது.

"மறுக்காவும் என்னய மடச்சியாக்கப் பாக்கறயாடா?" என்று இப்போது அத்தை கேட்டார். "உங்க பெரியப்பா மட்டும் சொல்லலீன்னா இந்நேரம் நாலு ஊட்டுல சொல்லியிருப்பேன்."

சாலம்மாள் பெரியம்மாவுக்கு வேறு கவலை. "அவரு அந்தக் காட்டுக்குள்ள வெய்யில்ல வெந்துக்கிட்டுக் கெடக்கறாரு. நேரத்துக்குச் சோறு கெடைக்குதோ என்னமோ. இவனுக்கு இப்பத்தான் வெளையாட்டு."

மதன் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டான். கடலைக் காட்டினான். மணலை அள்ளிக் காட்டினான். செருப்பில்லாத காலைக்கூடக் காட்டினான்.

"வீடியோலயும் கடல ஒட்டறாங்களாமா. பெரியப்பா சொன்னாரு," என்றார் அம்மா. "நெசத்தச் சொல்லு கண்ணு, ஏற்காடுதான? குளுருமே, சொட்டர் எடுத்துட்டுப் போனியா?"

"எனக்கு வேர்த்து ஊத்துதும்மா. பாரு."

"அப்பக் காய்ச்சலாட்ட இருக்குது. கூட ஆரு இருக்கறாங்க?"

"ஆரும் இல்லம்மா."

அதை மட்டும் அம்மா உடனே நம்பிவிட்டார்.

தனியாகப் பயணம் போனால் தன்னையே கண்டுகொள்ளலாம் என்று ஃபோனில் பல பேர் மலை உச்சியில் நின்று சொல்லியிருந்தார்கள். மதனும் கண்டுகொண்டான். பேச்சுத்துணைக்கு அவன் அவ்வளவு லாயக்கான ஆளில்லை. சாப்பிடப் போன இடத்திலெல்லாம் ஒரு விரலைக் காட்டி "ஒன்?" என்று கேட்டுவிட்டு, எதிரில் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தட்டு போகிற திசையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகான நாடுதான். ஆனால் "நல்லா இருக்குதில்ல?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்க ஆளில்லாத அழகு. ஊரில் ஒரே ஒருத்தர், ஒரே ஒருத்தர் அவன் இங்கே வந்தது நிஜம் என்று நம்பினால் போதும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சாயங்காலம், பெரிய கடற்கரையை விட்டுவிட்டு, குன்றுக்கு அந்தப் பக்கம் யாருமே போகாத ஒரு சின்னக் கரைக்கு நடந்தான். கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பதைவிட, ஆளில்லாத இடத்தில் தனியாக இருப்பது தேவலாம் என்று தோன்றியது.

பாறையைச் சுற்றித் திரும்பும்போதுதான் அது காதில் விழுந்தது.

"அக்கட்டால போ, சனியனே."

யாரோ ஒரு நாயை விரட்டினார்கள். அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து மதன் அவ்வளவு இனிமையான வாசகத்தைக் கேட்டதில்லை. ஓடினான்.

கடலுக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். அரை டிராயர். படத்தில் தென்னையோடு சேர்ந்து வந்துவிட்ட அதே பூப்போட்ட சட்டை. நம்ம ஊர்க்காரர், அதுவும் படத்திலேயே இருக்கிறவர். இதைவிட நல்ல சாட்சி ஏது? அம்மாவிடம் இவரை ஒரு வார்த்தை பேசச் சொன்னால் போதும்.

"ஏனுங்க அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்தான். அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பெரிய அலை ஒன்று வந்து அவர் இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது.

"அந்த எரைச்சலா? அது கம்ப்ரசரு ஓடுது, சாலா. ஆயிரம் அடி எறக்கியாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி வரல."