மெத்தையை நம்பாத ஆள்

"இந்தக் காந்த மெத்தையில ஒரே ஒரு ராத்திரி படுத்தாருங்க ஆத்தூர்ப் பெரியவர் ஒருத்தர். விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம்! ஏற்காட்டு உச்சியில நின்னுக்கிட்டு போன் போடறார், 'தம்பி, பசிக்குது'ன்னு!"

சூரமங்கலம் கல்யாண மண்டபம் கைதட்டலில் கூரை கழன்றுவிடும்போல் ஆடியது. மேடையில் டை கட்டிய இளைஞன், மலைப்பாதை முழுக்கத் தானே ஓடியதுபோல் மூச்சு வாங்கிக் காட்டினான்.

கடைசி வரிசையில் காளியாத்தாள் மட்டும் கைதட்டவில்லை. எருமப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வீட்டுக்காரர் சென்னிமலைக்குத் தெரியாமல் வந்திருந்தாள்.

பொங்கல் கழிந்ததிலிருந்து அவருக்கு நடை போச்சு. ஒருநாள் வலது காலை இழுப்பார், மறுநாள் இடது காலை. "வாயு ஒரு எடத்துல நிக்காது புள்ள" என்பார். வாராவாரம் ராசிபுரத்து வைத்தியரிடம் கட்டுப் போடப் போவார், இன்றைக்கும் அங்கேதான். மாடு, காடு, கோழி, அவருக்குக் குளிக்க வெந்நீர் எல்லாம் இவள் தலையில். இவள் இடுப்பு ஒடிந்து நாளாகிவிட்டது; அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

"யாருக்குக்கா மெத்தை?" பக்கத்து நாற்காலி ஷஹர்பானு, உள்ளூர் ஜவுளிக்கடைக்காரம்மா, கேட்டாள்.

"எங்கூட்டுக்காரருக்குங்க. நெசமான்னு பாத்துட்டு வாங்கலாம்னு வந்தேன். சொன்னா உடமாட்டாரு. பல்பொடி விளம்பரம் வந்தாலே செல்லைக் கவுத்து வெச்சிருவாரு. அத்தனையும் திருட்டுப் பசங்கம்பாரு."

"வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரே தினம் செல்லுல வந்து சொல்றாரு. பொய்யின்னா காட்டுவாங்களா?"

காளியாத்தாள் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் ரகளை. தலையில் துண்டு சுற்றிய ஒருவர் கைத்தடியை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். மின்விசிறி இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்னங்க அங்க?"

"ஏமாத்து வேலைங்கறாராம் ஒருத்தர். உங்க வீட்டுக்காரர் கட்சி போலக்கா!"

"அப்படிக் கேளுங்க சாமி!" காளியாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இத்தனை பேரில் ஒருத்தருக்காவது மூளை இருக்கிறதே!

"ஐயா, மேல வாங்க. படுத்துப் பாருங்க. நடக்கலேன்னா இந்த மண்டபத்தையே எழுதித் தர்றேன்!" என்றான் டைக்காரன், மண்டபம் தன் பாட்டன் சொத்துபோல.

இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை ஏற்றினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. காளியாத்தாள் எட்டி எட்டிப் பார்த்தாள். தலைகளுக்கு மேலே கைத்தடி பறந்து போய் விழுந்ததுதான் தெரிந்தது.

"நடக்கறாருக்கா! நம்பாத மனுசனே நடக்கறாருக்கா!" ஷஹர்பானு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவ்வளவுதான். கோட்டு போட்ட டாக்டர் சொல்லியும் நம்பாதவள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையோரத்து மேசைக்குப் பாய்ந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அங்கிருந்த பெண்ணின் கையில் திணித்தாள்.

"இதை வெச்சுக்கிட்டு ஒரு மெத்தை குடு தாயி. எங்கூட்டுக்காரரும் இப்படி நடந்தாப் போதும்."

சங்கிலி பெட்டிக்குள் போனது. பின்னால் மைக் கரகரத்தது. காளியாத்தாள் திரும்பினாள்.

மேடை நடுவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார் சென்னிமலை.

"நானும் நம்பலீங்க. ஆனா, எம்பொண்டாட்டி மேல சத்தியமா, நெசந்தானுங்க!"