முதல் ஊர்

"வால்வு சாவி எங்கிட்டத்தான் இருக்கோணும். இல்லீன்னா எங்கூரு எல்லைல ஒரு குழாய்கூடப் பதிக்க உடமாட்டம்!"

ஓடைப்புதூர் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆத்தப்பன் மேஜையைத் தட்டினார். பஞ்சாயத்து யூனியன் கூட்டம் அடங்கிப்போனது.

ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரே குடிநீர்க் குழாய். ஓடைப்புதூர்தான் முதல் ஊர், கல்லுமேடு கடைசி. ஓடைப்புதூர் வால்வு திறந்திருந்தால் கல்லுமேட்டுக்கு வெறும் காற்றுதான் வரும்.

கல்லுமேட்டில் தறி ஓட்டும் மருதம்மாள் எழுந்தாள். பெண்களுக்கான இடத்தில் யூனியன் மெம்பரானவள்.

"சாவி யூனியன் ஆபீஸ்ல இருக்கட்டுங்க. எல்லா ஊருக்கும் பொதுவா..."

"பொதுவா இருந்தா ஆளாளுக்குத் தொறப்பாங்க அம்மணி. உக்காருங்க."

சேர்மன் தண்டாயுதபாணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆத்தப்பன் மசியவில்லை. குழாய் அவர் ஊர் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? கடைசியில் சாவி அவர் கைக்கே போயிற்று. வாசலில் காத்திருந்த ஓடைப்புதூர்க்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள்.

"நல்லா இருப்பானா இந்த மனுசன்!" என்று ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் திட்டித் தீர்த்தாள் மருதம்மாள்.

பங்குனியில் தண்ணீர் விட்டார்கள். கல்லுமேட்டுத் தொட்டியடியில் ஊரே கூடி நின்றது. யாருக்கும் நம்பிக்கையில்லை.

குழாய் புஸ்ஸென்று காற்றை விட்டது. இரண்டு தரம் இருமியது. அப்புறம் குபுகுபுவென்று கொட்டிற்று பாருங்கள்!

பெண்கள் குடத்தை மறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உப்புத்தண்ணீர் குடித்தே வளர்ந்த மருதம்மாள் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"ஆத்தாடி, தித்திக்குதே!"

சித்திரை வெயிலிலும் தண்ணீர் நிற்கவில்லை. சேர்மன் மிரட்டி வைத்திருப்பார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் துக்கம் விசாரிக்க ஓடைப்புதூர் போன மருதம்மாள், தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

குழாய் காய்ந்து கிடந்தது. உச்சி வெயிலில் பெண்கள் கிணற்றில் உப்புத்தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தப்பனின் மனைவி ரங்காத்தாளும் இடுப்பில் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

ஆத்தப்பன் வாசலில் ஒரே கூச்சல்.

"கல்லுமேட்டுக்காரன் குளிக்க, நாங்க காயோணுமா? இதுக்கா உங்களைப் பிரசிடெண்டாக்குனோம்?"

"கடைசி ஊருத் தொட்டி ரொம்பட்டும். பொறவு நமக்குத் தொறக்கறேன்" என்றார் ஆத்தப்பன், குரல் உயர்த்தாமல்.

ஒருவன் அவர் வாசலிலேயே காறித் துப்பிவிட்டுப் போனான். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

மருதம்மாள் அவர் கிட்டே போனாள். கை தானாகக் குவிந்தது.

"ஏனுங்ணா, அன்னைக்குக் கூட்டத்துல எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க? உங்களை என்னென்னமோ பேசிப்போட்டமே!"

ஆத்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்கூருக்காகத்தான் கேக்கறேன்னு தெரிஞ்சிருந்தா, எங்கூர்க்காரங்க என்னை அந்தக் கூட்டத்துக்கே அனுப்பியிருக்கமாட்டாங்களே, அம்மணி!"